பெருந்தொற்றும் குழந்தை மனநலமும்: முக்கியக் குறிப்புகள் (பவானி, ஈரோடு மாவட்டம்)

களம்

• பவானி: ஈரோடு மாவட்டத்தின் வட்டத் தலைநகர். காவிரி, பவானி, கண்ணுக்குத் தெரியாத அமுதநதி கூடுமிடம் கூடுதுறை. கரையில் சங்கமேசுவரர் கோயில்.
• தொழில்: ஜமக்காளம். புவிசார் குறியீடு பெற்றது. ஜங்கமர் சமூகத்தாரின் நெசவாகத் தொடக்கம், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்.
• ஈரோடு மாவட்டம்: கோவையிலிருந்து 1979இல் பிரிந்தது. பழைய பெயர் பெரியார் மாவட்டம்.

காலவரிசை: முதல் அலை

• 2020 ஜனவரி 30: ஒரே நாள், இரு நிகழ்வுகள். இந்தியாவின் முதல் தொற்று (திருச்சூர், கேரளம்). உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு அவசரநிலை அறிவிப்பு.
• பிப்ரவரி 11: நோய்க்குப் பெயர் 'கோவிட்-19'. மார்ச் 11: 'பெருந்தொற்று' என அறிவிப்பு. ஒரு மாத இடைவெளி, தேதி ஒன்றே.
• மார்ச் 7: தமிழ்நாட்டின் முதல் தொற்று. ஓமனிலிருந்து திரும்பிய காஞ்சிபுரத்துக்காரர்.
• மார்ச் 17 முதல்: பள்ளிகள் மூடல்.
• மார்ச் 21: ஈரோட்டில் தாய்லாந்து நாட்டினர் இருவருக்குத் தொற்று உறுதி.
• மார்ச் 22: மக்கள் ஊரடங்கு. அன்றே ஒன்றிய அரசின் 75 மாவட்ட முடக்கப் பட்டியல். தமிழ்நாட்டில் 3 மட்டும்: சென்னை, காஞ்சிபுரம், ஈரோடு. கோவை இப்பட்டியலில் இல்லை (தவறாக விடை எழுதப்படும் இடம்).
• மார்ச் 25: நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு.
• ஏப்ரல் இறுதி: ஈரோட்டில் 70 நோயாளிகள், 1 இறப்பு, மற்றவர் அனைவரும் வீடு திரும்பினர்.
• சிகிச்சை மையம்: பெருந்துறை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. முன்பு காசநோய் மருத்துவமனை வளாகம். 'சானிடோரியம்' என்பதே இன்றும் ஊர்வழக்கு.

காலவரிசை: இரண்டாம் அலை (கொங்கின் அலை)

• 2021 மே 21: தமிழ்நாட்டின் ஒருநாள் உச்சம், 36,184.
• மே 26: ஒருநாள் எண்ணிக்கையில் சென்னையை முந்தியது கோவை.
• மே 30: முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ஈரோடு, திருப்பூர், கோவையில் ஆய்வு. கோவை இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் பாதுகாப்பு உடை அணிந்து நோயாளிகள் பிரிவுக்குள் நுழைவு.
• ஜூன் 5 அறிவிப்பு: தளர்வு குறைந்த 11 மாவட்டங்கள். கொங்கில் கோவை, நீலகிரி, திருப்பூர், ஈரோடு, சேலம், கரூர், நாமக்கல் (7). டெல்டாவில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை (4).
• 2021 மே, கோவை இருகூர் காமாட்சிபுரி ஆதீனத்தில் 'கொரோனா தேவி' சிலை. முன்னோடி: கோவையின் பிளேக் மாரியம்மன், 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கக் கொள்ளைநோயின் எச்சம்.

வரையறைகள்

• மன அதிர்ச்சி: நிகழ்வு, அனுபவம், விளைவு என்னும் மூன்றும் சேர்ந்தது (அமெரிக்க சாம்சா அமைப்பு, 2014). நிகழ்வு மட்டும் அதிர்ச்சி ஆகாது; ஒரே வீட்டின் இரு பிள்ளைகளுக்கு ஒரே இறப்பு இருவேறு விளைவு.
• முதல் வகை அதிர்ச்சி: ஒரே முறை, திடீர் நிகழ்வு. இரண்டாம் வகை: திரும்பத் திரும்ப, நீண்ட காலம். பிரித்தவர் லெனோர் டெர், 1991. பெருந்தொற்றில் இரண்டும் உண்டு: ஆம்புலன்ஸ் வந்த இரவு முதல் வகை, குடியும் அடியும் நிறைந்த ஊரடங்கு மாதங்கள் இரண்டாம் வகை.
• நச்சு மன அழுத்தம்: பெரியவர் துணையின்றி நீடிக்கும் அழுத்தம். தொடர்புடைய சுரப்பு கார்ட்டிசால்; மூளைப் பகுதிகள் அமிக்டலா, ஹிப்போகேம்பஸ். வேறுபடுத்துவது அழுத்தத்தின் அளவு அன்று, துணையின் இன்மை.
• நீடித்த துயரக் கோளாறு: ஐ.சி.டி.-11இல் இடம் (நடைமுறை 2022 ஜனவரி 1). குறைந்த கால அளவு 6 மாதம். அமெரிக்க டி.எஸ்.எம்.-5 திருத்தப் பதிப்பில் பெரியவருக்கு 12 மாதம், குழந்தைக்கு 6.
• பற்றுப்பிணைப்புக் கோட்பாடு: ஜான் பௌல்பி. உலக சுகாதார நிறுவனத்துக்கு அவர் எழுதிய அறிக்கை 1951.
• மரணம் பற்றிய குழந்தையின் புரிதல்: மரியா நாகி, 1948, புடாபெஸ்ட். 3–5 வயதில் மரணம் ஒரு பயணம், திரும்பி வரலாம். 5–9 வயதில் மரணம் ஓர் ஆள். 9க்கு மேல் மீளா முடிவு. மருத்துவமனையிலிருந்து திரும்பாத அப்பாவுக்காக வாசலில் காத்திருக்கும் 4 வயதுப் பிள்ளை முதல் நிலை.
• பின்னடைவு அறிகுறிகள்: படுக்கையில் சிறுநீர், விரல் சூப்புதல், தாயின் சேலையை விடாமை, ஒரே விளையாட்டைத் திரும்ப ஆடுதல்.

பாதகமான குழந்தைப்பருவ அனுபவங்கள்: பத்து

• ஆய்வாளர்கள்: வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா. இடம் சான் டியேகோ, கைசர் பெர்மனென்ட். முதல் கட்டுரை 1998. மொத்தப் பங்கேற்பாளர் 17,000க்கு மேல்.
• முதல் கட்டுரையில் 7 வகை, பின்னர் 10.
• குழந்தை மீது நேரடியானவை 5: உடல், உள்ளம், பாலியல் வன்கொடுமைகள், உடல், உள்ளப் புறக்கணிப்பு.
• வீட்டைச் சார்ந்தவை 5: தாய் அடிபடுதல், போதைப் பழக்கம், மனநோய், பெற்றோர் பிரிவு, சிறை.
• 4 அல்லது அதற்கு மேல்: குடி, போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம் 4 முதல் 12 மடங்கு.
• பட்டியலில் இல்லாதவை: பெற்றோர் இறப்பு, வறுமை, கொள்ளைநோய். பொருத்துக வினாவில் இவை நுழைந்தால் தவறான விடை. உலக சுகாதார நிறுவனத்தின் வினாத்தொகுப்பில் பெற்றோர் இறப்பு சேர்ப்பு.

வீட்டுக்குள்

• ஜமக்காள நெசவாளர் வீடு: தறியும் அடுப்பும் படுக்கையும் ஒரே கூரையில். பாவு ஓடும் அறையே வகுப்பறை. ஒரு கைபேசி; அதுவும் அப்பாவுடையது. வேலை இருந்தால் தறிச் சத்தத்தில் பாடம் கேட்காது. வேலை இல்லாவிட்டால் பேசியில் பணம் இருக்காது.
• 2021 ஆகஸ்ட் பள்ளி ஆய்வு: 15 மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகள், தமிழ்நாடும் உண்டு. ஊரகக் குழந்தைகளில் தொடர்ந்து இணையவழி படித்தோர் 8%. படிப்பே இல்லாதோர் 37%. ஒருங்கிணைத்தோரில் ஜான் டிரேஸ், ரீத்திகா கேரா.
• குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்புப் பிரசாரம் அமைப்பின் ஆய்வு, 2021: தமிழ்நாடு, புதுவையில் 818 குழந்தைகள், வேலை செய்வோர் 28.2%இலிருந்து 79.6%.
• மதுக்கடை: 2020 மார்ச் 24 மூடல், மே 7 திறப்பு (சென்னை நீங்கலாக), மே 8 உயர் நீதிமன்றத் தடை, மே 15 உச்ச நீதிமன்ற இடைக்கால உத்தரவு, மே 16 மீண்டும் திறப்பு. 2021இல் 27 மாவட்டங்களில் ஜூன் 14. ஈரோடு உள்ளிட்ட 11இல் ஜூலை 5. மேற்கண்ட பாதக அனுபவங்கள் பத்தில் ஒன்றான போதைப் பழக்கத்தின் திறவுகோல் அரசாணையில்.
• நிவாரணம்: அரிசி அட்டைக்கு ரூ.1,000 (2020), ரூ.4,000, இரு தவணை (2021), 14 மளிகைப் பொருள்கள்.

மே 29: மறக்கக்கூடாத தேதி

• 2018 மே 29: மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 நடைமுறை. பிரிவு 18 மனநலச் சிகிச்சை உரிமை. பிரிவு 115 தற்கொலை முயற்சிக்குத் தண்டனை விலக்கு.
• 2021 மே 29: தொற்றால் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்குத் தமிழ்நாடு அரசின் நிதி அறிவிப்பு, அதே நாளில் ஒன்றிய அரசின் பி.எம். கேர்ஸ் குழந்தைகள் திட்டம்.
• 2022 மே 30: பி.எம். கேர்ஸ் பலன்கள் விடுவிப்பு. ஒரு நாள் தள்ளி, கவனம்.

இரு திட்டங்கள்: வேறுபாடு

• மாநிலம்: பெற்றோர் இருவரையும் இழந்தோருக்கு ரூ.5 லட்சம் வைப்பு, 18 வயதில் வட்டியுடன். ஒருவரை முன்பே இழந்து, மற்றவரைத் தொற்றில் இழந்தோருக்கும் இதுவே. பட்டப்படிப்பு வரை கல்வி, விடுதிச் செலவு. உறவினர் அரவணைப்பில் வளர்வோருக்கு மாதம் ரூ.3,000, 18 வயது வரை.
• மாநிலம், தாய் அல்லது தந்தை ஒருவரை மட்டும் இழந்தோர்: ரூ.3 லட்சம், உயிருடன் உள்ள பெற்றோரிடம் உடனடியாக.
• ஒன்றியம்: ரூ.10 லட்சம், 23 வயதில். இடையில் 18–23 மாத உதவித்தொகை. 1–12 வகுப்பு, ஆண்டுக்கு ரூ.20,000. மருத்துவக் காப்பீடு ரூ.5 லட்சம். தகுதிக் காலம் 2020 மார்ச் 11 – 2023 மே 5.
• ஒன்றியத் திட்டத்தில் ஒரு பெற்றோர் உயிருடன் இருந்தால் தகுதி இல்லை. விண்ணப்பங்கள் 9,331, ஏற்பு 4,532.
• எளிய நினைவு: 5–18 மாநிலம், 10–23 ஒன்றியம்.

எண்ணிக்கைகள்

• லான்செட், 2021 ஜூலை, சூசன் ஹில்லிஸ் குழு: 2020 மார்ச் – 2021 ஏப்ரல், உலக அளவில் பெற்றோரையோ வளர்க்கும் தாத்தா பாட்டியையோ இழந்த குழந்தைகள் 11.34 லட்சம், உடன் வாழ்ந்த மூத்தோரையும் சேர்த்தால் 15.62 லட்சம்.
• அப்பத்தா வளர்ப்பில் இருந்த பிள்ளை: லான்செட் கணக்கில் உண்டு; மாநில நிதிக் கணக்கில் தாய், தந்தை இறப்பு மட்டுமே. ஒரே இழப்பு, இரு கணக்கு.
• தேசியக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையம், பால் ஸ்வராஜ் தளம், 2022 ஜனவரி 11 வரை: 1,47,492 குழந்தைகள். இருவரையும் இழந்தோர் 10,094, ஒருவரை இழந்தோர் 1,36,910, கைவிடப்பட்டோர் 488. எல்லாக் காரண இறப்புகளும் அடக்கம். 'கோவிட் மட்டும்' என்ற கூற்று தவறு.
• மாநில வரிசை: ஒடிசா 24,405, மகாராட்டிரம் 19,623, குஜராத் 14,770, தமிழ்நாடு 11,014 (4ஆம் இடம்).
• ஜாமா பீடியாட்ரிக்ஸ், 2021: 29 ஆய்வுகள், 80,879 இளையோர். மனச்சோர்வு 25.2%, பதற்றம் 20.5%.
• யுனிசெஃப், 2021 அக்டோபர் 5: மனநலச் சிக்கலுக்கு உதவி தேடுவது நல்லது என்ற இந்திய இளையோர் (15–24) 41%, 21 நாடுகளின் சராசரி 83%.
• மாணவர் தற்கொலை, தேசியக் குற்ற ஆவணக் காப்பகம்: 2019இல் 10,335, 2020இல் 12,526, 2021இல் 13,089. பள்ளி மூடியிருந்த ஆண்டில் குறையவில்லை.

சட்டம், அமைப்பு

• இளைஞர் நீதிச் சட்டம், 2015: நடைமுறை 2016 ஜனவரி 15. குழந்தைகள் நலக்குழு, பிரிவு 27: தலைவர் 1, உறுப்பினர் 4.
• 2020 ஏப்ரல் 3: காப்பக நோய்ப்பரவல் குறித்து உச்ச நீதிமன்றத்தின் தன்னியல்பு வழக்கு. அவ்வழக்கின் தொடர்ச்சி: 2020 ஜூன், சென்னை இராயபுரம் காப்பகத்தில் 35 சிறாருக்குத் தொற்று.
• 2021 ஜூன் 7: தொற்றால் அநாதையான குழந்தைகளின் சட்டவிரோதத் தத்துக்கு எதிராக உச்ச நீதிமன்ற உத்தரவு. சமூக ஊடகத் தத்து அழைப்புகள் சட்டப்படி குற்றம்.
• ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை: 1989 நவம்பர் 20, இந்தியா ஏற்பு 1992 டிசம்பர் 11. உறுப்பு 39: பாதிக்கப்பட்ட குழந்தையின் உள மீட்பு.

உதவி எண்கள்

• 1098 குழந்தைகள் (தொடக்கம் 1996, மும்பை, ஜெரூ பில்லிமோரியா). 14416 டெலி மானஸ் (2022 அக்டோபர் 10, உலக மனநல நாள்). 104 மாநில மருத்துவ உதவி. 181 பெண்கள்.
• உளவியல் முதலுதவி, 2011: பார், கேள், இணை.

மீட்பு

• இல்லம் தேடிக் கல்வி: 2021 அக்டோபர் 27, முதலியார்குப்பம், விழுப்புரம் மாவட்டம். மாலை வகுப்பு, தன்னார்வலர் மதிப்பூதியம் ரூ.1,000.
• பள்ளி திறப்பு: 9–12 வகுப்பு 2021 செப்டம்பர் 1, 1–8 வகுப்பு நவம்பர் 1. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பள்ளியைக் காணாமலே இரண்டாம் வகுப்பு.
• சிங், ரொமேரோ, முரளிதரன் ஆய்வு: ஊரகத் தமிழ்நாடு, சுமார் 19,000 குழந்தைகள். 6 மாதத்தில் கற்றல் இழப்பின் மூன்றில் இரு பங்கு மீட்பு. மீட்பில் 24% இல்லம் தேடிக் கல்வியால். அளந்தது கணக்கும் மொழியும்.

கூடுதுறை

• 2020: ஆடி அமாவாசை ஜூலை 20, ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 2. 2021: ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 3; ஆடி அமாவாசை ஆகஸ்ட் 8. நான்கு நாளும் நீராடத் தடை.
• ஆடி அமாவாசை: முன்னோருக்குத் தர்ப்பணம். 2021 மே மாதத்தில் தந்தையை இழந்த பிள்ளைக்கு முதல் ஆடி அமாவாசை அந்த ஆகஸ்ட் 8. எள்ளும் தண்ணீரும் வீட்டுத் தாம்பாளத்தில்.