பிரைட் லைட் போட்டால் பாதுகாப்பா?

இரவில் நெடுஞ்சாலையில் 'பிரைட்' போட்டு ஓட்டுவதுதான் பாதுகாப்பு என்று நம் ஓட்டுநர்களில் பலர் நம்புகிறார்கள். ஆளில்லாத சாலையில் அது சரிதான். டிம் லைட் 40, 50 மீட்டர் வரை காட்டினால், பிரைட் 100 மீட்டரைத் தாண்டும். ஆனால் எதிரே வண்டி வந்ததும் கணக்கே மாறிவிடுகிறது. கூசிய கண் தெளியச் சில விநாடிகள் ஆகும். வயதானவர்களுக்கு இன்னும் கூடுதலாக. 80 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் விநாடிக்கு 22 மீட்டர் கடக்கிறார். கண் தெளிய 3 விநாடி என்று வைத்தாலும், 66 மீட்டர் தூரத்துக்கு அவருக்குச் சாலை சரியாகத் தெரியாது. நடுத்தடுப்பு இல்லாத இருவழிச் சாலையில் அவர் வருவது நம்மை நோக்கித்தான். இரண்டு வெளிச்சங்களுக்கும் நடுவே சாலையைக் கடக்கும் ஆளோ இருவர் கண்ணுக்கும் தெரியமாட்டார்.

"அவன் டிம் பண்ணவில்லையே, நான் மட்டும் ஏன்?" என்பது வழக்கமான கேள்வி. நாம் பிரைட் போடுவதால் அவர் வெளிச்சம் குறையப்போவதில்லை; கண் கூசியவர்கள் இருவராகிறார்கள், அவ்வளவுதான். ஒருமுறை டிப் அடித்துக் காட்டலாம். கேட்காவிட்டால் வேகத்தைக் குறைத்து, சாலையின் இடது ஓர வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஓட்டுவதே வழி. டிம்மில் குழியும் மாடும் பின்விளக்கில்லாத டிராக்டரும் தெரியாதே என்ற கவலை நியாயமானது. அதற்கு மருந்து வேகத்தில் இருக்கிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் காய்ந்த சாலையில்கூட கார் நிற்க 65 மீட்டருக்கு மேல் வேண்டும். 60க்கு இறக்கினால் ஏறக்குறைய 45 மீட்டர் போதும். டிம் லைட் காட்டும் தூரத்துக்குள் நின்றுவிடலாம்.

நான்குவழிச் சாலையில் பிரைட் யாரையும் பாதிக்காது என்பதும் பாதி உண்மைதான். நடுவே நட்ட அரளி எதிர்வெளிச்சத்தை மறைக்கும். முன்னால் போகிறவரின் கண்ணாடியில் விழும் வெளிச்சத்தை எது மறைக்கும்? டிம்மிலேயே கண்ணைப் பறிக்கும் வண்டிகளும் உண்டு. பழைய ஹாலஜன் எச்4 பல்பில் டிம் இழைக்கு அடியில் சின்ன உலோகக் கிண்ணம் ஒன்று இருக்கும். ஒளியை மேலே சிதறவிடாமல் கீழே இறக்குவது அதுதான். அந்த இடத்தில் மலிவான எல்இடி பல்பைச் செருகினால் ஒளி கண்டபடி சிதறும். பின்சீட்டிலும் டிக்கியிலும் பாரம் ஏறினாலும் காரின் முன்பக்கம் தூக்கி, டிம் வெளிச்சம் எதிரே வருபவர் முகத்தில் அடிக்கும். அதைத் தாழ்த்தத்தான் பல கார்களில் ஸ்டீயரிங் பக்கத்தில் 0 முதல் 3 வரை எண் போட்ட திருகு வைத்திருக்கிறார்கள். பாரம் ஏறினால் எண்ணைக் கூட்ட வேண்டும்.