காட்சிப் பெட்டியும் கணிப்பொறியும்

பாண்டி நாட்டுக் கடற்கரையில் முத்தாலும் உப்பாலும் பெயர் பெற்ற பட்டினம் தூத்துக்குடி. அவ்வூர் மக்களுக்குத் தொலைக்காட்சி அறிமுகமான வரலாறு சுவை மிக்கது. 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கப்பெற்றது. ஆயினும், அதன் அலைகள் தென்கோடியை எட்டவில்லை. 1982-ஆம் ஆண்டில் இலங்கையில் ரூபவாகினி நிலையம் தோன்றிற்று. அதன் ஒளிபரப்போ மன்னார்க் கடலைத் தாண்டி இக்கரையை வந்தடைந்தது. வசதியுடையோர் மாடியில் நெடிய குழாய்க் கம்பத்தை நட்டு, அதன் உச்சியில் ஏரியலைக் கட்டி, இலங்கைத் திசை நோக்கித் திருப்பி வைத்தனர். ஒருவர் மேலே நின்று கம்பத்தைத் திருப்புவார். மற்றொருவர் கீழே நின்று, படம் தெளிந்ததா இல்லையா என்று கூவுவார். காற்றும் வானிலையும் இசைந்த நாளில் படம் தெளிவாக வரும். இசையாத நாளில் புள்ளிகளே மிஞ்சும். கொடைக்கானல் மலையில் ஆற்றல் மிக்க ஒளிபரப்பு நிலையம் அமைந்த பின்னரே தென்மாவட்டங்களுக்குச் சென்னை நிகழ்ச்சிகள் செவ்வனே கிட்டின.

அந்நாளில் அப்பெட்டி செல்வர் வீட்டுப் பொருள். ஏனையோர் சாளரத்தின் ஓரம் நின்று காண்பர். இந்நிலையை மாற்றியவை அரசின் இரு திட்டங்கள். 2006-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் விலையில்லா வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி வழங்கும் திட்டம் தொடங்கியது. பதினான்கு அங்குலப் பெட்டிகள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளை அடைந்தன. 2011-ஆம் ஆண்டில், அதே செப்டம்பர் 15-ஆம் நாளில், மாணவர்க்கு மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியது. இரண்டையும் வெவ்வேறு ஆட்சிகளே தொடங்கின எனினும், இரண்டும் அறிஞர் அண்ணாவின் பிறந்தநாளையே தேர்ந்தது காண்க.

எனினும் இவ்விரு திட்டங்களும் எல்லா வீட்டிற்கும் எல்லாக் காலத்திற்கும் போதுமானவை அல்ல. தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டு உப்பளங்களில் உழைக்கும் குடும்பம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். வெயில் காயும் மாதங்களில் அளத்தில் வேலை உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்திகள் நீரில் மூழ்கும், கூலியும் நின்றுபோம். பழைய தொலைக்காட்சிப் பெட்டி பழுதுற்றுக் கிடக்கிறது. மூத்த மகள் பதினோராம் வகுப்பிற் பயில்கிறாள். இளையவன் ஐந்தாம் வகுப்பு. முதியவளான பாட்டியும் உடன் வாழ்கிறாள். ஆண்டு முழுதும் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருள் கையில் இருக்கிறது. அதைக் கொண்டு ஒன்றுதான் வாங்க இயலும். எதை வாங்குவது?

பாட்டியின் வேண்டுகோளை எளிதாகத் தள்ளுதல் தகாது. எழுத்தறியாதவர்க்கும் உலகச் செய்தியை உரைப்பது தொலைக்காட்சி. துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்பதை வீட்டிலிருந்தே அவள் அறிகிறாள். பகலெல்லாம் உப்பு வாரிக் கைகால் வெடித்து வருவோர்க்கு மாலையில் ஒரு பாட்டும் ஒரு கதையும் வேண்டாவோ? அன்றியும், அஃது ஐவர் ஒருங்கே அமர்ந்து காண்பது. கணிப்பொறியோ ஒருவர் முன் மட்டுமே விரியும் பொருள்.

மகளின் வாதமும் வலிமையுடையதே. தொலைக்காட்சி தான் விரும்பியதைத் தான் விரும்பிய நேரத்தில் சொல்லும். கேட்போர் வினாவிற்கு அதனிடம் விடை இல்லை. கணிப்பொறியோ வினவினால்தான் விடை தரும். வினவாதவர்க்கு அது வெறும் பலகையே. ஈண்டு ஒரு சொல்லாராய்ச்சி பொருந்தும். இக்கருவிக்குத் தமிழில் முதலில் வழங்கிய பெயர்களுள் ஒன்று கணிப்பொறி. இன்று கணினி என்பதே பெருவழக்கு. பொறி என்னும் சொல் எந்திரத்தையும் குறிக்கும்; மெய், வாய், கண், மூக்கு, செவி என்னும் புலன் வாயில்களையும் குறிக்கும். கண்ணுக்கும் செவிக்கும் மட்டும் விருந்தாவது தொலைக்காட்சி. கணிப்பொறி கையையும் கருத்தையும் சேர்த்து ஏவுகிறது.

இவ்வேறுபாடு 2020-ஆம் ஆண்டில் வெளிப்படையாயிற்று. பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. 2019-இல் தொடங்கப்பெற்ற கல்வித் தொலைக்காட்சி அப்போது பாடங்களை ஒளிபரப்பிற்று. பன்னிரண்டாம் வகுப்பினர்க்கோ பாடக் காட்சிகள் அவர்தம் மடிக்கணினியிலேயே பதிவு செய்து தரப்பட்டன. ஒளிபரப்பைக் காணும் மாணவன், கணக்கின் மூன்றாம் படியில் மயங்கினால் நான்காம் படி அவனுக்காகக் காத்திராது. மடிக்கணினி உடையவன் நிறுத்தலாம், பின்னே செல்லலாம், பத்து முறை கேட்கலாம். ஆனால், மடிக்கணினி இல்லாத இளையோர் இலட்சக்கணக்கானோர்க்கு அவ்வாண்டில் கைகொடுத்தது தொலைக்காட்சியே என்பதையும் மறத்தலாகாது.

செலவையும் எண்ணுதல் வேண்டும். அரசு கேபிள் நிறுவனம் 2011-இல் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புத் தந்தது. பின்னர்க் கட்டணம் உயர்ந்தது. கணிப்பொறிக்கு இணைய இணைப்பு வேண்டும். அதற்கும் மாதந்தோறும் கட்டணம் உண்டு. இணைப்பு இல்லாவிடினும் அது முற்றும் பயனற்றது அன்று. 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர் கொண்டு தட்டெழுதி விலையின்றி வழங்கி வருகிறது. பள்ளியில் அந்நூல்களை ஒருமுறை படியெடுத்துக் கொண்டால், உப்பளத்துக் குடிசையிலும் ஒரு நூலகம் அமைந்துவிடும். ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த புலவர்கள் காணாத வாய்ப்பு இது!

இரண்டும் மின்சாரத்தை நம்பியவை என்பதும் உண்மை. 2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வெள்ளம் சூழ்ந்த பல பகுதிகளில் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றுப்போயின. மடிக்கணினியின் மின்கலம் சில மணி நேரமே தாங்கும்.

கணிப்பொறியிலும் கேடு உண்டு. பெண் பாடம் படிக்கிறாள் என்று பெற்றோர் மகிழ்ந்திருக்க, அவள் திரைப்படம் கண்டு கொண்டிருத்தலும் கூடும். முத்துக்குளித்தல் நடந்த காலத்தில், கல்லைப் பற்றி மூழ்குவோன் இடையில் கயிறு உண்டு. தோணியில் நின்று அக்கயிற்றைப் பிடிப்போன் ஒருவனும் உண்டு. மூழ்கியவன் கயிற்றை அசைத்தால் உடனே மேலே இழுப்பான். அக்கயிறு பிடிப்போனாக ஆசிரியரோ தமக்கையோ இல்லாத வீட்டில், சிறுவன் கையில் கணிப்பொறியைத் தனியே கொடுத்தல் நன்றன்று.

ஆகவே, பள்ளியின் மேல்வகுப்பிற் பயிலும் பிள்ளை உள்ள வீட்டில், கைப்பொருள் ஒன்றுக்கே போதுமாயின், கணிப்பொறியே முதலில் வரத்தக்கது. அதை அறையின் மூலையில் அன்றி, எல்லாரும் அமரும் கூடத்தில் வைத்தல் வேண்டும். மாலையில் ஒரு நாழிகை அதன் திரையைப் பாட்டியின் பக்கம் திருப்பினால் செய்தியும் பாட்டும் அவளுக்கும் கிடைக்கும். மகள் முதலில் கற்கத்தக்கது தமிழ்த் தட்டச்சு. 1999-இல் அரசு ஏற்ற தமிழ் 99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. நாளும் அரைமணி நேரம் பழகினால் சில வாரங்களில் விரல்கள் தாமே எழுத்தைத் தேடிச் செல்லும்; பிறகு அளத்துக் கூலிக் கணக்கைத் தந்தை சொல்ல, மகள் அதைப் பிழையின்றிப் பதிந்து வைக்கலாம்.