இருபுறமும் திறக்கும் சன்னல்

ஆடிக் காற்றைப் பற்றிக் காங்கேயத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அம்மியையும் நகர்த்தும் என்று நம் பாட்டிமார் கூறும் அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறோம். மேற்குத் தொடர்ச்சி மலை நெடுஞ்சுவர்போல் நிற்க, பாலக்காட்டருகே மட்டும் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியே நெருக்கியடித்துக்கொண்டு புகுந்து, கோவை, பல்லடம், தாராபுரம், காங்கேயம் என நம் பக்கத்துச் சமவெளியை ஜூன் முதல் செப்டம்பர் வரை புரட்டி எடுக்கிறது. பல்லடம், உடுமலைப் பக்கங்களில் வரிசையாக நிற்கும் காற்றாலைகளே அதற்குச் சாட்சி. மலையைச் சுவர் என்றால் கணவாயை அதன் சன்னல் எனலாம். அந்தச் சன்னலுக்குக் கதவு கிடையாது. ஆகவே கதவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியவர்கள் நாம்தாம்.

எங்கள் பள்ளியின் பழைய கட்டிடத்தில் வகுப்பறைச் சன்னல்கள் எல்லாம் தாழ்வாரத்தை நோக்கி வெளிப்புறமாகத் திறப்பவை. தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் தொடங்கி ஏழடி வரை நிற்கும் இரட்டைக் கதவுகள்; ஒவ்வொன்றும் ஒன்றரை அடி அகலம். ஓர் ஆடி மாதத்துப் பிற்பகலில், கொக்கி மாட்டாதிருந்த கதவொன்று காற்றில் படாரெனத் திறந்து, தாழ்வாரத்தில் நடந்து வந்த ஏழாம் வகுப்பு மாணவியின் நெற்றியைத் தாக்கியது. மூன்று தையல் போட வேண்டியதாயிற்று. கொக்கி மாட்டாதது எங்கள் தவறுதான். ஆனால் கொக்கியை ஒருத்தி மறக்கும் ஒவ்வொரு நாளும் இன்னொருத்தியின் நெற்றி உடைய வேண்டுமா?

"அப்படியானால் உட்புறமாகத் திறக்கும்படி மாற்றிவிடலாமே" என்றார் தலைமையாசிரியை அருட்சகோதரி. புதிய கட்டிடத்தில் அப்படித்தான் இருக்கிறது. அங்கே சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண், கேள்விக்கு விடை சொல்ல எழுந்தாலே கதவு முனையில் தலை இடிக்கிறது! வெளியே திறந்தால் நடப்பவளுக்கு ஆபத்து, உள்ளே திறந்தால் படிப்பவளுக்கு ஆபத்து. அப்போது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "இரண்டு பக்கமும் திறக்கும்படி ஒரு சன்னல் செய்துவிட்டால், அந்தந்த நேரத்துக்குத் தகுந்தபடி திறந்துகொள்ளலாமே, மதர்?" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் தொடங்கியதே எங்கள் அறிவியல் மன்றத்தின் அவ்வாண்டு ஆய்வு.

ஒரு கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பது அற்பமான கேள்வி அன்று. 1883-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரில், விக்டோரியா மண்டபத்தில் சிறுவர்களுக்கான வேடிக்கைக் காட்சி முடிந்ததும் பரிசுப் பொருள் பெறுவதற்காகப் பிள்ளைகள் மாடிப்படிகளில் இறங்கி ஓடினர். கீழே இருந்த கதவு உட்புறமாகத் திறப்பது. அதுவும் ஒரு பிள்ளை நுழையும் அளவே திறந்து தாழிடப்பட்டிருந்தது. பின்னால் வந்தவர்கள் நெருக்க, முன்னால் இருந்தவர்களால் அதைத் திறக்க இயலவில்லை. 183 குழந்தைகள் அங்கே மூச்சடைத்து மாண்டனர். கூட்டம் கூடும் இடங்களின் வெளியேறும் கதவுகள் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும் என்ற எண்ணம் அந்நாட்டில் வேரூன்ற அத்துயரமும் ஒரு காரணம்.

சன்னலுக்குத் திரும்புவோம். பள்ளிக்கு மரவேலை செய்து தரும் ஆசாரியாரிடம் எங்கள் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்ட ஒரே கேள்வி: "ரெண்டு பக்கமும் தொறக்கோணும்னா காடியை எங்க அம்மிணி வெக்கறது?"

காடி என்றால் என்னவென்று எங்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. நிலைச்சட்டத்தின் விளிம்பில், கதவு வந்து பொருந்தி உட்காருவதற்காகச் செதுக்கப்படும் படியே காடி. கதவு அதில் அமர்வதால்தான் மறுபுறம் போகாமல் நிற்கிறது; மழைநீரும் நேராக உள்ளே நுழையாமல் அந்தப் படியில் தடுக்கப்படுகிறது. கதவு இரு புறமும் ஆட வேண்டுமானால் காடியை எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டால் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி மேலிருந்து கீழ்வரை திறந்தே கிடக்கும். ஐப்பசி மழை அதன் வழியே புத்தகப் பையை நனைத்துவிடும்.

மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் உள்ள அரைக்கதவுகள் இரு பக்கமும் ஆடுகின்றனவே என்று வாதாடினோம். அவற்றில் இருப்பது சுருள்வில் அடங்கிய கீல்; தள்ளினால் போகும், விட்டால் நடுவில் வந்து நிற்கும். அவை மழையையோ காற்றையோ தடுக்கப் பிறந்தவை அல்ல, பார்வையை மறைக்க மட்டுமே. எங்கள் கதவு ஒன்றின் பரப்பு ஆறு சதுர அடி, அதாவது ஏறத்தாழ 0.56 சதுர மீட்டர். காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காற்று அக்கதவை மூன்றரைக் கிலோ எடையளவு விசையுடன் தள்ளும். வேகம் 72 ஆனால் விசை இரு மடங்கன்று, நான்கு மடங்கு. சுமார் 14 கிலோ! ஒரு பக்க ஓரத்தில் மட்டும் கீல் உள்ள கதவில் இந்த விசை முழுவதும் அதை ஒரே திசையில் சுழற்றவே பயன்படுகிறது. அந்த மாணவியின் நெற்றியில் பட்ட அடியின் கணக்கு இதுதான். எந்தச் சுருள்வில்லும் அதன்முன் நில்லாது.

இன்னொரு தடையும் இருந்தது. நம் ஊர்ச் சன்னல்களில் கம்பி உண்டு. நிலைச்சட்டத்தின் நடுவில் நான்கு அங்குலத்துக்கு ஒன்றாகக் கம்பி நட்டுவிட்டால், கதவு அதைத் தாண்டி மறுபுறம் போவது எப்படி? கதவு கம்பிக்கு வெளியே இருக்கலாம் அல்லது உள்ளே இருக்கலாம்.

இரண்டும் வேண்டும் என்றால் இரண்டு சோடிக் கதவுகள் வைக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர் வழக்கம் அதுவே. வெளியே, சாய்ந்த பட்டைகள் கோத்த மரக்கதவு வெளிப்புறமாகத் திறக்கும்; உள்ளே கண்ணாடிக் கதவு உட்புறமாகத் திறக்கும். புதுச்சேரிக்குச் சுற்றுலா சென்றவர்கள் துய்மா வீதியிலும் அதையொட்டிய வீதிகளிலும் அந்த உயர்ந்த சன்னல்களையும் பட்டைக் கதவுகளையும் பார்த்திருப்பீர்கள். பிரெஞ்சு ஆட்சி 1954-இல் கைமாறிய பின்னும் அவை நிற்கின்றன. வெயிலை வெளிக்கதவும், குளிரையும் மழையையும் உள்கதவும் தடுக்கும். அழகான ஏற்பாடுதான். ஆனால் எங்கள் சிக்கலுக்கு அது மருந்தாகாது. இரு புறமும் திறக்கும் சன்னல் ஆகிவிடும். இரு புறமும் தலை இடிக்கும்!

இத்தோடு ஆய்வு முடிந்தது என்றே நினைத்தோம். ஒருநாள் காலை வழிபாட்டின்போது எங்களில் ஒருத்தி கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றதற்காகக் கண்டிக்கப்பட்டாள். அவள் பார்த்தது மண்டபத்தின் உயரத்தில் இருந்த வெண்டிலேட்டரை. கயிற்றை இழுத்தால் அதன் மேற்பாதி உள்ளே சாய்கிறது. கீழ்ப்பாதி வெளியே போகிறது. ஒரே கதவு, ஒரே நேரத்தில், உள்ளும் புறமும் திறக்கிறது! கீல் ஓரத்தில் இல்லை. அச்சு நடுவில் இருக்கிறது. கீழ்ப்பாதி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் அதன்மேல் விழும் மழை வெளியே வழிந்துவிடுகிறது. நம் ஊர் எண்ணெய் மில்களிலும் அரிசி மில்களிலும் இதைக் காணலாம்.

இந்த அச்சைப் படுக்கையாக அன்றி நெட்டாக நிறுத்தினால்? ஆசாரியார் சிரித்தார். "அது குடுமிக் கதவுதானுங்களே!" நம் பழைய வீடுகளில் இரும்புக் கீல் வருமுன், கதவுப் பலகையின் மேலும் கீழும் குமிழ்போல் மரத்தை விட்டுச் செதுக்கி, அதை நிலையில் உள்ள குழிகளில் பொருத்திவிடுவார்கள். அதற்குப் பெயர் குடுமி. கதவு அதன்மேலேயே சுழலும். எங்கள் பாட்டி வீட்டுக் கதவுகள் 'கிரீச்' என்று முனகியது குடுமியின் குரல் என்பது அன்றுதான் எங்களுக்கு விளங்கியது. அந்தக் குடுமி கதவின் ஓரத்தில் இருக்கும். அதை நடுவுக்கு நகர்த்துவது ஒன்றுதான் நாங்கள் கேட்டது.

அதையும் ஒருவர் முன்பே செய்து காட்டியிருக்கிறார். அவர் கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர். 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து, 1945-இல் தொழுநோயாளர் இல்லங்களைக் கட்டும் பணிக்காக இந்தியாவுக்கு வந்து, இந்நாட்டுக் குடிமகனாகி, 1990-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2007-இல் திருவனந்தபுரத்தில் மறைந்தவர். அந்நகரின் லயோலா பள்ளிச் சிற்றாலயமும் அவர் கைவண்ணமே. ஏழைகளுக்கு வீடு கட்டிய அவர், சுவரைவிடச் சன்னலுக்கே செலவு பன்மடங்கு என்று எச்சரித்து வந்தார். அவர் காட்டிய மிக எளிய சன்னல் இது: சுவரில் மேலே ஒரு குழி, கீழே ஒரு குழி, இடையில் நெட்டாக ஒற்றைப் பலகை. நிலையும் இல்லை, கீலும் இல்லை. பலகையைத் திருப்பினால் சன்னல் திறந்துவிடும்.

இதைப் படித்ததும் அளவெடுக்கத் தொடங்கினோம். ஒன்பது அங்குல அகலப் பலகை, ஓர் அங்குலக் கனம். முழுதும் திறந்து நிற்கும்போது இரு புறமும் நான்கு நான்கு அங்குலம் இடைவெளி. நம் சன்னல் கம்பிகளின் இடைவெளியும் அதுவேயன்றோ! அப்படியானால் பலகையே கம்பியின் வேலையையும் செய்துவிடுகிறது. மூலைக்கு மூலை வெளியே நீட்டுவது நாலரை அங்குலம். அதையும் ஒன்பது அங்குலச் சுவரின் கனத்துக்குள்ளேயே அடக்கிவிடலாம். யார் தலையும் இடிக்காது. காற்றின் கணக்கும் மாறிவிட்டது. மூடிய பலகையின் ஒரு பாதியைக் காற்று எவ்வளவு தள்ளுகிறதோ, மறுபாதியையும் அவ்வளவே தள்ளுகிறது. இரு பாதியும் எதிரெதிர்த் திசையில் சுழற்றப் பார்ப்பதால் படாரென அடிப்பதற்கு விசை மிஞ்சுவதில்லை.

பெருமையோடு நான்கு பலகைகளை அடுத்தடுத்து வைத்து அட்டையில் ஒரு மாதிரி செய்தோம். அங்கேதான் சறுக்கினோம். பக்கத்துப் பலகைகள் இரண்டும் திறந்து நிற்கும்போது நடுவில் எட்டு அங்குலம் வெளி! ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பக்கவாட்டில் நுழைந்து வெளியே போய் நின்று கையசைத்தாள். பிறகு கணக்கைத் திருத்தி, மூன்று பலகைகளுக்கு இடையில் மூன்று அங்குல மரக்கால்கள் இரண்டை நிறுத்தினோம். 27-உம் 6-உம் ஆக, நிலையின் உள்ளளவு 33 அங்குலம்.

காடி? அதுவும் போய்விடவில்லை, இரண்டாகப் பிரிந்தது. பலகையின் இடப்பாதி வெளியே போவதால் அதற்குக் காடி உட்புறத்தில். வலப்பாதி உள்ளே வருவதால் அதற்கு வெளிப்புறத்தில். காடி பக்கம் மாறும் இடத்தில், குடுமியைச் சுற்றி ஒரு விரற்கடைக்குக் குறைவாக மட்டும் மழைக்கு வழி இருக்கிறது. அதற்காகக் கீழ்ச்சட்டத்தை வெளிப்புறம் சரிவாகச் செதுக்கினார் ஆசாரியார்.

நாங்கள் எதிர்பாராத நன்மை ஒன்றும் கிடைத்தது. பலகையை 45 பாகையில் நிறுத்தினால் தென்மேற்குக் காற்றை உள்ளே அழைக்கிறது. 135 பாகைக்குத் திருப்பினால் அதே காற்றை வெளியே ஒதுக்கிவிடுகிறது. கீழ்ச்சட்டத்தில் மூன்று துளைகளிட்டு ஒரு முளையைச் செருகினால் வேண்டிய கோணத்தில் நிற்கும். முளை அவசியம். திறந்த பலகையைக் காற்று தன் விருப்பம்போல் திருப்பப் பார்க்கும்.

எல்லா வகுப்பறைகளுக்கும் இதைப் பொருத்தலாமா என்று அருட்சகோதரி கேட்டபோது, "வேண்டாம்" என்றே சொன்னோம். மூடினால் அறை இருண்டுவிடும். மழை நாளில் விளக்கில்லாமல் படிக்க இயலாது. ஆதலால் மேற்குச் சுவரையொட்டிய பொருள் அறைக்கு மட்டும் ஒன்று செய்யப்பட்டது. தாழ்வாரத்துச் சன்னல்களுக்குப் பார்லிமெண்ட் கீல் வாங்கிப் பொருத்தினோம். எச் வடிவில் இருக்கும் அக்கீலின் அச்சு சுவருக்கு வெளியே நீண்டு நிற்பதால், கதவு முழுவதும் பின்னால் மடங்கிச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்கிறது. பக்கத்திலேயே கொக்கி. காலை மணி அடிக்குமுன் கொக்கிகளைப் பார்ப்பது ஒன்பதாம் வகுப்பின் பொறுப்பு.

பொருள் அறைச் சன்னலில் ஐப்பசி மழைக்கு நடுப்பலகை ஊதிக்கொண்டு, திருப்ப வராமல் இறுகிவிட்டது. தை மாதம் மரம் காய்ந்ததும் ஓரத்தை இழைத்துத் தருவதாக ஆசாரியார் சொல்லியிருக்கிறார்.