காதில் மெஷின் மாட்டிய பிறகு

மயிலாப்பூரில் என் வயதுப் பெண்கள் நாலைந்து பேர் கூடினால், அதில் ஒருவர் வீட்டு அலமாரியிலாவது காது மெஷின் டப்பா ஒன்று சும்மா கிடக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த மகன் வாங்கிக் கொடுத்திருப்பார். கொஞ்ச நாள் மாட்டிப் பார்த்துவிட்டு, "ஒரே இரைச்சல், எனக்கு ஒத்துக்கல" என்று கழற்றி வைத்திருப்பார்கள். பணம் போனது ஒரு பக்கம். அதைவிட, நன்றாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் மெல்ல மெல்லப் பேச்சுக்கு வெளியே உட்காரப் பழகிவிடுவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அவர்கள் சொல்லும் காரணங்களில் பெரும்பாலானவை சரிசெய்யக்கூடியவை. நானும் மெஷின் மாட்டிக்கொண்ட பிறகு ஒவ்வொன்றாக அதைத் தெரிந்துகொண்டேன்.

மெஷினுக்கு முன்பும் எனக்குச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. மந்தைவெளிப் பேருந்தின் ஹாரன், கோயில் மணி, மேல்வீட்டுக்காரர் நாற்காலி இழுப்பது எல்லாம் கேட்டது. பேச்சுதான் புரியவில்லை. மருமகள் "பால்" என்றால் "கால்" என்று விழும். "தட்டு", "கட்டு", "பட்டு" மூன்றும் ஒன்றாகிவிடும். வயதினால் வரும் குறைவு பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்களில்தான் தொடங்கும் என்று, செவித்திறனைச் சோதித்த ஆடியாலஜிஸ்ட் விளக்கினார். உயிரொலிகளின் பலமெல்லாம் கீழ்ப் பகுதியில் இருக்கிறது. ப, த, க, ச என்று பிரித்துக் காட்டும் மெல்லிய அடையாளம் 2,000 ஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்கு மேலும் இருக்கிறது. அது போய்விட்டால் பேச்சு ஓசையாக வந்து சேரும், சொல்லாக வராது. "கத்திப் பேசு" என்று வீட்டில் கேட்டதில் பயன் இல்லாமல் போனதற்கும் இதுவே காரணம். கத்தும்போது உயிரொலிதான் பெருகுகிறது.

செவித்திறன் சோதனையின் தாளை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் புகாத அறையில் ஹெட்ஃபோன் மாட்டி, 250 ஹெர்ட்ஸிலிருந்து 8,000 வரை ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் நமக்குக் கேட்கும் மிக மெல்லிய ஒலி எது என்று பார்த்துக் குறிப்பார்கள். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. என் கோடு தாளின் இடப்பக்கம் 20 டெசிபலில் தொடங்கி, 4,000 ஹெர்ட்ஸில் 60-க்கு இறங்கியிருந்தது. எந்த மெஷின், எந்த அமைப்பு என்பதெல்லாம் அந்தச் சரிவைப் பார்த்து முடிவாக வேண்டியது. சோதனைக்கு முன்பே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது. சிலருக்குக் குறும்பியை எடுத்தாலே பாதி சரியாகிவிடும். ஒரு நாளில் திடீரென்று ஒரு காது மட்டும் கேட்காமல் போனால், மெஷின் பேச்சே வேண்டாம். அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும். தாமதித்தால் சிகிச்சை பலிக்கும் வாய்ப்பு குறைந்துவிடும்.

முதல் நாட்கள் கஷ்டம்தான். என் குரலே எனக்குக் குடத்துக்குள்ளிருந்து வந்தது. காதை முழுக்க அடைத்தால் நம் குரலின் அதிர்வு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சுழலும். காதுக்குள் செருகும் முனையில், காற்றுத் துளை உள்ள சின்ன ரப்பர் டோமை மாற்றிப் போட்டதும் பெருமளவு தீர்ந்தது. அலமாரியில் மெஷினை வைத்துவிட்ட என் தோழிகளில் பலர் முதலில் சொன்ன குறை இதுதான். அவர்களில் ஒருவரும் இதைக் கிளினிக்கில் போய்ச் சொல்லவில்லை.

பிறகு வீடு முழுக்கச் சத்தமாகிவிட்டது. தலைக்கு மேல் ஃபேன், குக்கர் விசில், தினத்தாளின் பக்கம் புரளுவது, பாத்திரம் கழுவும் இடத்தில் ஸ்டீல் மேல் ஸ்டீல். கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனபோது, தோளில் புடவை உரசுவதே பேச்சை மூடியது. ஜிமிக்கியைத் தாங்குகிற மாட்டல், காதுக்குப் பின்னால் மெஷின் உட்காரும் அதே இடத்தில்தான் போகிறது. இரண்டும் மோதினால் மெஷினின் மைக்கில் இடி இடிக்கும். இப்போது நான் மாட்டல் போடுவதில்லை, லேசான தோடுதான். மல்லிகைச் சரத்தையும் சற்றுக் கீழே இறக்கி வைத்துக்கொள்கிறேன். மெஷினைப் பொருத்திக் கொடுத்தவர்கள் யாருக்கும் இதெல்லாம் சொல்லத் தோன்றவில்லை. பெண்கள் பெண்களுக்குச் சொன்னால்தான் உண்டு.

இந்த ஒலிகள் புதிதாக வந்தவை அல்ல. பல வருடங்களாக மூளைக்குப் போய்ச் சேராமல் இருந்தவை. எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரிக்கும் வேலையை மூளை மறுபடி பழக வேண்டும், அதற்குத் தினமும் பல மணி நேரம் அந்த ஒலி அதற்குக் கிடைக்க வேண்டும். "வெளியே போகும்போது மட்டும் போட்டுக்கறேன்" என்பவர்களுக்கு ஒருபோதும் பழகாது. அடையாறில் 1969 முதல் இயங்கிவரும் பாலவித்யாலயா பள்ளியில், பேச்சு வராத சின்னக் குழந்தைகளுக்கே கருவி மாட்டி, கேட்டுக் கேட்டுப் பேசப் பழக்குகிறார்கள். விழித்திருக்கும் நேரமெல்லாம் மெஷின் காதில் இருக்க வேண்டும் என்பதுதான் அங்கே அடிப்படை. நான் வீட்டுக்குள், அமைதியான காலை வேளையில், எதிரே ஒருவர் மட்டும் இருக்கும்போது தொடங்கினேன். அடுத்து நாகேஸ்வரராவ் பூங்கா நடை. அதற்குப் பிறகுதான் கடைத்தெரு. ஃபேன் சத்தம் எந்த நாளில் என் கவனத்திலிருந்து மறைந்தது என்று எனக்கே தெரியாது.

பொருத்துகிறவர்கள் முதல் தடவை வேண்டுமென்றே ஒலியைக் கொஞ்சம் குறைத்துத்தான் வைப்பார்கள், நாம் பயந்துவிடக் கூடாது என்று. திரும்பப் போகாவிட்டால் அந்தக் குறைந்த அளவிலேயே நின்றுவிடுவோம். போகும்போது "சரியா இல்ல" என்று மட்டும் சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. நான் ஒரு சின்ன நோட்டில் எழுதிவைத்தேன்: தட்டு விழுந்தால் வலிக்கிறது, பேரன் பேசினால் புரியவில்லை, மகன் பேசினால் புரிகிறது, போனைக் காதில் வைத்தால் கீச்சிடுகிறது. "ஆன்ட்டி, இந்த மாதிரி எழுதிட்டு வந்தா எங்களுக்கு வேலை சுலபம்" என்றார் மெஷினைப் பொருத்திய பெண். ஏறக்குறைய ஒவ்வொரு வரிக்கும் கம்ப்யூட்டரில் ஒரு திருத்தம் இருந்தது. போனுக்கு மட்டும் திருத்தம் தேவைப்படவில்லை. மைக் காதுக்குப் பின்னால் மேலே இருப்பதால் போனையும் சற்று மேலே தூக்கிப் பிடித்தால் போதும்.

தி.நகர் தனிப் பாடம். ரங்கநாதன் தெருவில் எந்த மெஷினும் அதிசயம் செய்யாது. அங்கே பேச்சை விட்டுவிட்டு, கடைக்குள் போனபிறகு பேசுவதே புத்தி. ஆட்டோவில் ஓரத்தில் உட்கார்ந்தால் மைக்கில் காற்று வீசிக் காது கிழியும். நடுவில் உட்கார வேண்டும். ஓட்டலில் நம் கை தானாகவே சுவரோர நாற்காலியைத்தான் தேடும், கூடத்தைப் பார்த்தபடி உட்கார. அப்படி உட்கார்ந்தால் கூட்டத்தின் சத்தமெல்லாம் முன்னாலிருந்து வரும். இப்போதைய மெஷின்கள் முன்னால் இருப்பதை எடுத்துப் பின்னால் இருப்பதை அடக்க முயல்கிறவை. ஆகவே கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, பேசுகிறவரைச் சுவர்ப் பக்கம் உட்கார வைக்க வேண்டும். மாட வீதிப் பக்கத்து ஓட்டலில் இதைச் செய்து பார்த்த அன்று, என் தங்கை சொன்ன குடும்பக் கதை முழுவதையும் குறுக்கே கேள்வி கேட்காமல் கேட்டேன்.

வீட்டாருக்கும் இதில் பங்கு உண்டு. தூரம் இரட்டிப்பானால் பேச்சின் பலம் ஆறு டெசிபல் விழும். சமையலறையிலிருந்து கூப்பிட்டுச் சொல்வதை மெஷினாலும் மீட்க முடியாது. எங்கள் வீட்டில் இப்போது ஓர் ஒழுங்கு வந்திருக்கிறது: முதலில் கூப்பிட வேண்டும், நான் திரும்பிய பிறகு சொல்ல வேண்டும், டிவி ஓடும்போது முக்கியமானதைப் பேசக் கூடாது. மருமகள் "அத்தை" என்று ஒரு முறை சொல்லி, நான் நிமிரும்வரை காத்திருக்கிறாள். அந்த ஒரு நொடி எனக்கு எவ்வளவு பெரிய உதவி என்று அவளிடமே சொல்லியிருக்கிறேன்.

அவள்தான் 2023-இல் லான்செட் இதழில் வந்த ஓர் அமெரிக்க ஆய்வை எனக்குப் படித்துக் காட்டியவள். 70 முதல் 84 வயதுவரை உள்ளவர்களை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு அது. எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால், கருவி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் நினைவு மங்கும் அபாயம் அதிகம் உள்ள பிரிவில், காதுக் கருவியும் ஆலோசனையும் பெற்றவர்களுக்கு அந்த மங்கல் 48 சதவீதம் மெதுவாக நடந்தது. மெஷின் மாட்டினால் மறதி நோயே வராது என்று விளம்பரம் செய்கிறவர்களை நம்பாதீர்கள், அந்த ஆய்வு அவ்வளவு சொல்லவில்லை. எனக்கு அது சொன்ன அளவே போதுமாயிருந்தது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. விலை சில ஆயிரங்களில் தொடங்கி லட்சங்களைத் தாண்டும். நான் முதலில் போன ஓர் இடத்தில் சோதனை முடிந்த கையோடு ஒரே ஒரு மாடலைக் காட்டி, இன்றே வாங்கினால் தள்ளுபடி என்றார்கள்; எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பார்க்க ட்ரையல் தருகிறவர்களிடம் வாங்குங்கள். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற ஆடியாலஜிஸ்ட்தானா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த பதிவு அது. ஹியரிங் எய்டுக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு, பில்லைப் பார்த்துக்கொள்ளுங்கள். காதுக்குள் மெல்லிய குழாயை விட்டு, செவிப்பறைக்குப் பக்கத்தில் மெஷின் உண்மையில் எவ்வளவு ஒலி சேர்க்கிறது என்று அளக்கும் 'ரியல் இயர்' சோதனை செய்கிறார்களா என்றும் கேளுங்கள். விலை உயர்ந்த மாடலைவிட இந்த அளவீடு எனக்கு அதிகம் பயன்பட்டது.

சென்னையின் ஈரக் காற்றும் வியர்வையும் மெஷினுக்கு எதிரி. இரவில் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைக்கிறேன். நீல மணிகள் வெளுத்து இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டன என்று அர்த்தம், மாற்ற வேண்டும். மாற்றும் பேட்டரி உள்ள மெஷின் என்றால் பேட்டரியை வெளியே எடுத்துவிட்டு வைக்க வேண்டும். அந்தப் பேட்டரி காற்றினால் உயிர் பெறுவது. ஸ்டிக்கரை உரித்து, ஒரு நிமிடம் காற்றாட விட்டுப் போட்டால் நன்றாக வேலை செய்யும். திரும்ப ஸ்டிக்கரை ஒட்டினாலும் முன்புபோல் சேமிக்க முடியாது. பொட்டு அளவே இருப்பதால் குழந்தைகள் விழுங்கிவிடும் அபாயம் உண்டு, எட்டாத இடத்தில் வையுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் தலை நன்றாகக் காய்ந்த பிறகே மெஷின். பவுடர் பூசி முடித்த பிறகே மெஷின்.

இனி கச்சேரி. இங்கே வாழ்கிற பலருக்கு மெஷின் பிடிக்காமல் போகிற இடமே இதுதான், எனக்கும் அதிகம் மனசு ஆடியது இங்கேதான். பாரதிய வித்யா பவனில் ஒரு மாலை, தம்புரா மங்கி மங்கித் தெரிந்தது. பாடகர் நிறுத்தினால் எழும், பாடினால் அமுங்கும். வயலினின் மேல் ஸ்தாயியில், வில்லுக்குப் பின்னால் இன்னொரு ஒலி நடுங்கிக்கொண்டே வந்தது. வித்வான்களிடம் ஒரு குறையும் இல்லை. மெஷின் பேச்சுக்காக அமைக்கப்பட்டது. விடாமல் ஒரே சீராக ஒலிப்பதை அது இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு குறைக்கிறது. தம்புரா அப்படி ஒலிப்பதற்காகவே இருக்கும் வாத்தியம். நீண்டு நிற்கும் உச்ச ஸ்வரத்தைக் கீச்சொலி என்று நினைத்து அழிக்கப் பார்க்கிறது, அப்போதுதான் அந்த நடுக்கம். மெல்லியதை ஏற்றி, பலமானதை இறக்கி எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருகிறது. அதனால் கார்வை அடங்கி எழுவதே தெரியாமல் போகிறது.

இதற்கெல்லாம் தனி 'மியூசிக் புரோகிராம்' போட்டுத் தரச் சொல்லலாம். இரைச்சல் குறைப்பை நிறுத்த வேண்டும், கீச்சொலித் தடுப்பை நிறுத்தவோ மிகக் குறைக்கவோ வேண்டும், எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கும் அமுக்கலைத் தளர்த்த வேண்டும். உயர்ந்த அதிர்வெண்களைக் கீழே நகர்த்திக் கேட்கவைக்கும் வசதி உங்கள் மெஷினில் இருந்தால் அதையும் இந்தப் புரோகிராமில் அணைக்கச் சொல்லுங்கள். அது இருந்தால் சுருதி சேராத ஓர் உணர்வு வரும். நான் கைப்பேசியில் தம்புராவையும் ஒரு புல்லாங்குழல் ஆலாபனையையும் கொண்டுபோய், அங்கேயே ஓடவிட்டுச் சரிபார்த்தேன். ஆடியாலஜிஸ்டுக்குக் கர்னாடக சங்கீதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. என்ன குறைகிறது என்று நாம் சொல்லத் தெரிந்தால் போதும். பெண் பாடகர்களின் ஐந்து கட்டை ஷட்ஜம் சுமார் 196 ஹெர்ட்ஸ். அது என் காதுக்கு மெஷின் இல்லாமலே வரும். வராமல் போயிருந்தது, குதிரையின் மேல் நூலைச் சரியாக வைத்ததும் தம்புராவில் கிளம்புகிற ரீங்காரம். அமைப்பை மாற்றிய பிறகு அது வந்தது. வந்த இடத்திலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முதலில் மைக் இல்லாத பாட்டைக் கேட்டுப் பழகினேன். மாதத்தின் முதல் ஞாயிறு காலை நாகேஸ்வரராவ் பூங்காவில் சிறுவர்கள் மைக் இல்லாமல் பாடும் கச்சேரி அதற்கு ஏற்றதாக இருந்தது. சபாக்களில் ஒலிபெருக்கிக்கு எதிரே உட்காராமல், நடுவில், சற்றுப் பின்னால் தள்ளி இடம் பிடிக்கிறேன். மிகப் பலமான ஒலி மெஷினின் மைக்கிற்குள் நுழையும்போதே சிதைந்துவிட்டால், பிறகு எந்த அமைப்பாலும் அதைச் சரிசெய்ய முடியாது. வடகிழக்குப் பருவமழையும் கச்சேரி சீசனும் சேர்ந்தே வருவதால் ஐப்பசியிலேயே மெஷினைச் சுத்தம் செய்து, புரோகிராமைச் சரிபார்த்துவிடுவது நல்லது. தனி ஆவர்த்தனம் தொடங்கும்போது ஒலியை இரண்டு படி இறக்கிக்கொள்கிறேன். முடிந்ததும் ஞாபகமாக ஏற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் மங்களம் வரைக்கும் பாடகரின் குரல் அடங்கியே கேட்கும்.