'வாசக்டமி' என்றால் என்ன அர்த்தம்?



"ஐயா, அந்த ஆபரேஷன் பண்ணிக்கிட்டா ஆம்பளத்தனம் போயிடுமாமே? காளைக்குக் காயடிக்கிற மாதிரிதானே?"

கிராமங்களுக்குப் போகும்போது ஆண்கள் தனியே அழைத்துக் கேட்கும் கேள்வி இது. பதில் அந்த ஆபரேஷனின் பெயரிலேயே இருக்கிறது.

டாக்டர்கள் உடலுறுப்புகளுக்குச் சொல்லும் பெயர்களில் பல, பழைய ரோமானியர் பேசிய லத்தீன் மொழியிலிருந்து வந்தவை. விந்துக்குழாய்க்கு 'வாஸ் டிஃபெரன்ஸ்' என்று பெயர். 'வாஸ்' என்றால் கலம், பாத்திரம். 'டிஃபெரன்ஸ்' என்றால் கொண்டு செல்வது. அதாவது, விந்தணுவைக் கொண்டு செல்லும் கலம். 'வெட்டி எடுத்தல்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லை 'வாஸ்' உடன் சேர்த்தால் 'வாசக்டமி'.

விரைக்கு லத்தீனில் வேறு பெயர்: 'டெஸ்டிஸ்'. அதே சொல்லுக்குச் 'சாட்சி' என்றும் பொருள் உண்டு. வாசக்டமி என்ற பெயரில் இந்தச் சொல் இருக்கிறதா? இல்லை. ஆபரேஷனிலும் விரையை வெட்டுவதில்லை. சாட்சி முழுசாக அப்படியே இருக்கிறது!

காயடிக்கும்போது காளையின் விரையே கெட்டுப்போகிறது. வாசக்டமியில் இரண்டு பக்கத்துக் குழாய்களை மட்டும் வெட்டி அடைக்கிறார்கள். வாய்க்காலை அடைத்தால் கிணறு தூர்ந்துவிடுமா? ஆண்மைக்குரிய ஹார்மோன் குழாய் வழியே போவதில்லை. நேரே ரத்தத்தில் கலக்கிறது. ஆகவே ஆசை, மீசை, குரல், உழைக்கும் பலம் எதுவும் குறையாது. விந்தும் வழக்கம்போல் வரும். அதில் உயிரணு மட்டும் இராது.

1974-ல் சீன டாக்டர் லீ ஷுன்சியாங் கத்தியில்லாத முறையைக் கண்டார். மரத்துப்போக ஊசி போட்டு, சிறு துளை வழியே செய்வார்கள். அன்றே வீடு திரும்பலாம்.

ஒன்றை மறக்கவேண்டாம். குழாயில் ஏற்கெனவே உள்ள அணுக்கள் தீரச் சுமார் 3 மாதம் ஆகும். அதுவரை ஆணுறை அவசியம். பிறகு விந்துப் பரிசோதனை செய்து, "அணு இல்லை" என்று டாக்டர் சொன்ன பிறகே நிம்மதி.

2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் மணமான பெண்கள் 100 பேரில் சுமார் 38 பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டதோ 1,000-க்கு 3 பேர்தான். பெண்ணுக்கு வயிற்றுக்குள் செய்யவேண்டிய ஆபரேஷன்; ஆணுக்குத் தோலடியில் முடிகிறது. இருந்தும் பயம் யாருக்கு, பாரம் யாருக்கு?

இது நிரந்தர முறை. யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. "போதும்" என்று இருவரும் முடிவெடுத்தால், இன்றிரவே மனம்விட்டுப் பேசுங்கள். சந்தேகம் இருந்தால் இருவருமாகச் சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். கூச்சம் வேண்டாம்.