கடைசிக் காவலர் மீது விழும் பழி

உடலுக்கு உறுதியும் உள்ளத்துக்கு ஊக்கமும் தருவது விளையாட்டு என்பர். ஒற்றுமையையும் அது கற்றுத் தருகிறது. ஆனால் அந்த ஒற்றுமை தோல்வி நேரத்தில் எங்கே போய்விடுகிறது? வென்றால் புகழைப் பதினொரு பேரும் பங்கிட்டுக் கொள்கிறார்கள். தோற்றால் பழி பெரும்பாலும் ஒருவர் தலையிலேயே விழுகிறது. அந்த ஒருவர், பந்தைக் கடைசியாகத் தடுக்க நின்றவர். இப்பழி நியாயந்தானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதைப் பற்றிச் சிந்திக்கக் கோவில்பட்டிக்காரர்களுக்குத் தனி உரிமை உண்டு. பருத்தியும் கம்பும் விளையும் இக்கரிசல் மண்ணில் ஹாக்கி ஆட்டக்காரர்களும் விளைகிறார்கள். 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்திய அணிக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் நம் ஊர்க்காரர். அதே அணியில் ஆடிய அரியலூர் கார்த்தி செல்வம் நம் ஊர் விளையாட்டு விடுதியில் பயின்றவர். இருவரும் முன்வரிசை ஆட்டக்காரர்கள். சிறுவர்கள் மட்டையை எடுத்ததும் கோல் போடவே ஆசைப்படுகிறார்கள். கோல் காக்க முன்வருவோர் மிகச் சிலரே. அதன் காரணத்தைப் பின்னால் காண்போம்.

கோல் காப்பாளரின் பணி

ஹாக்கியில் கோலின் அகலம் 3.66 மீட்டர், உயரம் 2.14 மீட்டர். 14.63 மீட்டர் ஆரமுள்ள வட்டத்துக்குள்ளிருந்து அடித்தால்தான் கோல் செல்லும். பெனால்டி கார்னரின்போது கோல் காப்பாளருடன் நான்கு பேர் மட்டுமே கோட்டுக்குப் பின்னால் நின்று காக்கலாம். ஏனையோர் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். வட்டத்தின் விளிம்பிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து ஏறத்தாழ அரை விநாடியில் கோலை அடைந்துவிடும். பந்தைப் பார்த்து, திசையை முடிவு செய்து, உடலை நகர்த்துவதெல்லாம் அந்த அரை விநாடிக்குள்தான்.

முன்வரிசைக்காரர் மூன்று வாய்ப்புகளைத் தவறவிட்டு நான்காவதில் கோல் போட்டால் அவர் வீரர். கோல் காப்பாளர் ஒன்பதைத் தடுத்துப் பத்தாவதை விட்டால் அவர் குற்றவாளி. தடுத்த பந்துகள் பலகையில் ஏறுவதில்லை. விட்ட பந்து மட்டுமே ஏறுகிறது.

1982: ஓர் இறுதி ஆட்டம்

1982 டிசம்பரில் டெல்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஹாக்கி இறுதி ஆட்டத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதின. பிரதமர் இந்திரா காந்தியும் பார்வையாளர்களில் ஒருவர். பாகிஸ்தான் 7-1 என்ற கணக்கில் வென்றது. இந்தியாவுக்குக் கோல் காத்தவர் மீர் ரஞ்சன் நேகி.

நாடு முழுவதும் எழுந்த சினம் அவர் ஒருவர் மீதே பாய்ந்தது. ஆட்டத்தைக் குறை சொன்னதோடு நில்லாமல், பணம் வாங்கிக்கொண்டு கோல்களை விட்டார் என்றும் பேசினர். எந்தச் சான்றும் இல்லாத அப்பேச்சு அவரை ஆண்டுக்கணக்கில் துரத்தியது. ஏழு முறையும் பந்து நடுக்களத்தைத் தாண்டி, பின்வரிசையைத் தாண்டி, அதன் பிறகுதானே அவரிடம் வந்தது? எதிர்ப்பக்கத்தில் நம்மவர் போட்ட கோல் ஒன்றே ஒன்றுதானே? இக்கேள்விகளை எழுப்பியவர்கள் குறைவு. ‘பழி ஓரிடம், பாவம் ஓரிடம்’ என்பது இதுவே.

1998இல் பாங்காக் ஆசியப் போட்டிக்குச் சென்ற இந்திய அணியின் கோல் காப்பாளர்களுக்குப் பயிற்சியளிக்கும் பொறுப்பு நேகிக்குக் கிடைத்தது. தென்கொரியாவுடனான இறுதி ஆட்டம் சமனில் முடிந்து, பெனால்டி ஸ்ட்ரோக்குகளுக்குச் சென்றது. கோல் காப்பாளர் ஆசிஷ் பல்லாலின் தடுப்புகளால் இந்தியா தங்கம் வென்றது. 1966க்குப் பின் கிடைத்த ஆசியத் தங்கம் அது. பதினாறு ஆண்டுகளுக்கு முன் துரோகி எனப்பட்டவரின் பயிற்சிக்கும் அதில் பங்கு உண்டு.

அதே 7-1, மற்றொரு முறை

2021 ஜூலை 25. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியா இந்தியாவை வென்ற கணக்கும் 7-1. கோல் காத்தவர் கேரளத்தின் பி. ஆர். ஸ்ரீஜேஷ். ஆனால் அது பிரிவு ஆட்டம். ஆதலால் அவருக்கு அடுத்த ஆட்டங்கள் இருந்தன. பதினொரு நாள் கழித்து ஆகஸ்ட் 5 அன்று, வெண்கலப் பதக்க ஆட்டத்தில் இந்தியா 5-4 என முன்னணியில் இருந்தது. சில விநாடிகளே எஞ்சியிருந்தபோது ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தது. ஸ்ரீஜேஷ் தடுத்தார். 1980இல் பாஸ்கரன் தலைமையில் மாஸ்கோவில் தங்கம் வென்றதற்குப் பின், 41 ஆண்டுகள் கழித்து இந்திய ஹாக்கிக்கு ஒலிம்பிக் பதக்கம் கிடைத்தது.

ஏழு கோல் விட்டவரும் பதக்கம் காத்தவரும் ஒரே மனிதர்தாம். ஜூலை 25 அன்றே தீர்ப்பு எழுதியிருந்தால் ஆகஸ்ட் 5ஐ யார் கண்டிருப்பார்? ஓர் ஆட்டத்தைக் கொண்டு ஒரு மனிதரை அளக்கலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பிற ஆட்டங்களிலும் இதே கதை

கிரிக்கெட்டில் இந்நிலை கடைசி ஓவர் வீசுபவருக்கு. 1986 ஏப்ரல் 18 அன்று சார்ஜாவில் பாகிஸ்தான் 246 ஓட்டங்களை எட்ட வேண்டியிருந்தது. கடைசிப் பந்தில் நான்கு ஓட்டங்கள் தேவை. இருபது வயதே ஆன சேத்தன் சர்மா வீசிய பந்தை மியான்தத் சிக்சருக்கு அனுப்பினார். அதற்கு முன் போன 242 ஓட்டங்களை எல்லாரும் மறந்தார்கள். அந்த ஒரு பந்தை மட்டும் மறக்கவில்லை. மறு ஆண்டு நாகபுரியில், உலகக் கோப்பைப் போட்டிகளின் முதல் ஹாட்ரிக்கை எடுத்தவரும் அதே சேத்தன் சர்மாதான்.

அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்தில், முதலில் பந்தெறிபவர் களைத்தாலோ தடுமாறினாலோ மாற்றாக ‘ரிலீஃப் பிட்சர்’ இறக்கப்படுவார். எதிரணி ஓட்டக்காரர்கள் ஏற்கெனவே களத்தில் நிற்கும் இக்கட்டான வேளையிலேயே பல முறை அவர் உள்ளே வருகிறார். முன்னவர் விட்டுச் சென்ற அந்த ஓட்டக்காரர்கள் எடுக்கும் ஓட்டம் முன்னவர் கணக்கில்தான் எழுதப்படும். அதனால் முன்னணி பறிபோனாலோ, காக்கத் தவறியவர் என்ற பெயர் மட்டும் பின்னவருக்கு. கணக்கேடு ஓரளவு நியாயம் அறிந்திருக்கிறது; கூச்சலிடும் கூட்டம் அதையும் அறியவில்லை.

நாம் செய்ய வேண்டுவது

அப்படியானால் கோல் காப்பாளர் பிழையே செய்வதில்லையா? செய்கிறார். முன்னேற வேண்டிய நேரத்தில் தயங்கினால், காலைத் தவறாக வைத்தால், அதைச் சொல்லத்தான் வேண்டும். சொன்னால்தான் திருத்திக்கொள்ள முடியும். ஆனால் பிழை வேறு, துரோகம் வேறு. பிழையைச் சுட்டுவது விமரிசனம். சான்றின்றி நேர்மையைச் சந்தேகிப்பது அவதூறு.

கண்மாய் உடைந்தபோது, கலிங்கு அடைபட்டுக் கிடந்ததையும் கரை கரைந்ததையும் கவனிக்காத ஊர், உடைப்பருகே மண்வெட்டியோடு நின்றவனைக் குறை சொன்னால் எப்படியிருக்கும்? களத்தில் நாம் செய்வதும் அதுதான். கோல் காக்க முன்வருவோர் குறைவாயிருப்பதன் காரணங்களில் ஒன்று இங்கேதான் இருக்கிறது. ஏச்சு மட்டுமே மிஞ்சும் இடத்தில் எந்த இளைஞன் விரும்பி நிற்பான்?

ஆகவே நண்பர்களே, நம் கல்லூரி அணி அடுத்த முறை கோல் வாங்கும்போது வாய் திறக்குமுன் மூன்று கேள்விகளை நாமே கேட்டுக்கொள்வோம். பந்தை முதலில் இழந்தது எங்கே? வழியில் தடுத்திருக்க வேண்டியவர் எத்தனை பேர்? இவர் இதுவரை தடுத்தவை எத்தனை? விடை கிடைத்தபின் சொல்லும் சொல் ஆட்டக்காரருக்குப் பயன்படும். ஆட்டம் முடிந்ததும் தலைகவிழ்ந்து வரும் கோல் காப்பாளரின் தோளில் முதலில் கை வைப்பவர்கள் நாமாக இருப்போம். அடுத்த ஆட்டத்திலும் அவர்தானே நமக்காக நிற்கப் போகிறார்.