வீட்டு முற்றத்தில் மழை அளத்தல்

கரிசற் பூமியில் மானாவாரி வேளாண்மை செய்யும் குடும்பங்களுக்கு மழையைப் போன்ற பேச்சுப்பொருள் வேறொன்றில்லை. எட்டயபுரம் வட்டாரத்தில் ஆவணி பிறந்துவிட்டால் திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் இதே பேச்சுத்தான். "நேற்று நல்ல மழை" என்பார் ஒருவர். "எங்கள் புஞ்சையில் வெறுந்தூறல்" என்பார் மற்றொருவர். பெய்தது எவ்வளவு என்று வினவினால் அளவிட்டு விடை கூறுவோர் மிகச் சிலரே. விளைந்த பஞ்சையும் தானியத்தையும் நிறுத்து விற்கும் குடியானவர், நிலத்தைச் சென்ட் கணக்கில் அளந்து கொள்ளும் குடியானவர், அவை யாவற்றுக்கும் மூலமாகிய மழையை மட்டும் கண்மதிப்புக்கு விட்டுவிடுகிறார்.

மழையை அளப்பது கடினமான காரியமன்று, பொருட்செலவும் அற்பமே. நாளொன்றுக்கு ஐந்து நிமிஷம் போதும். வீட்டிலுள்ள முதியவர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இது நல்ல பொழுதுபோக்காகும். ஆனால் சில ஆண்டுகள் இடைவிடாது நடந்தால், இப்பொழுதுபோக்கு விதைப்புக் காலத்தில் அக்குடும்பத்திற்குத் தக்க யோசனை சொல்லும் துணையாகிவிடும்.

வழக்கிலுள்ள அளவுகள்

மழையை மதிப்பிட நம் முன்னோர் வழியறியாதிருக்கவில்லை. "ஓர் உழவு மழை" என்பது கலப்பை இறங்கும் ஆழத்திற்கு மண் நனையப் பெய்த மழை. முற்றத்தில் கிடக்கும் ஆட்டுக்கல்லின் குழியில் நிற்கும் நீரைப் பார்த்து மழையைக் கணிக்கும் வழக்கமும் உண்டு. இவை பயனுள்ளவையே. எனினும் ஒரு வீட்டு ஆட்டுக்கல்லின் குழி மற்றொரு வீட்டுக் குழிக்கு ஒத்ததன்று. குழி அடியில் குறுகி மேலே விரிந்திருப்பதால், நீரின் உயரம் இருமடங்கானால் மழையும் இருமடங்கு என்று கொள்ளவும் இயலாது. ஆண்டுக்காண்டு ஒப்பிடுதற்கு எங்கும் ஒன்றாயுள்ள அளவு வேண்டும்.

இதனை அரசர்கள் முன்னரே உணர்ந்திருந்தனர். பண்டசாலையின் முன்பு ஒரு முழ அகல வாயுடைய கலத்தை வைத்து மழையை அளக்குமாறு கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் விதிக்கிறது. கொரியா தேசத்தில் சேஜோங் மன்னர் காலத்தில், 1441-ஆம் ஆண்டில், ஒரே அளவான மழைமானிகள் ஏற்பட்டன. இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875-இல் நிறுவப்பட்டது. கரிசல் நிலத்திற்கென்றே கோவில்பட்டியில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901-இல் தொடங்கியது. எட்டயபுரத்திலும் அரசாங்க மழைமானி உண்டு. ஆயினும் மேகம் ஊருக்கு ஊர் வேறுபடப் பொழிகிறது. ஆகையால், ஒவ்வொரு குடும்பமும் தன் புஞ்சைக்கு அருகில் தானே அளத்தல் நன்று.

மழைமானி செய்யும் விதம்

மழையின் அளவு என்பது, பெய்த நீர் ஓடாமலும் ஊறாமலும் ஆவியாகாமலும் தரையில் நின்றால் எவ்வளவு உயரம் நிற்குமோ அவ்வுயரமேயாகும். எனவே அடி முதல் வாய் வரை ஒரே அகலமுள்ள தகர டப்பாவை வெளியில் வைத்து, அதில் நிற்கும் நீரின் உயரத்தை அடிக்கோல் கொண்டு பார்த்தாலே மழையளவு கிடைத்துவிடும். ஆனால் 2, 3 மில்லிமீட்டர் மழையை அவ்விதம் நுட்பமாக அளத்தல் அரிது. வெயில் பட்டால் நீர் விரைவில் ஆவியாகியும் விடும்.

இதனினும் சிறந்த முறை பின்வருமாறு: வாயின் உட்புற விட்டம் 11.3 செண்டிமீட்டர் உள்ள புனல் ஒன்றை 5 லிட்டர் பிளாஸ்டிக் கேனின் வாயில் பொருத்துக. இப்புனலின் வாய்ப் பரப்பு 100 சதுர செண்டிமீட்டர். ஆதலால் 1 மில்லிமீட்டர் மழைக்கு 10 மில்லிலிட்டர் நீர் சேரும். கேனில் சேர்ந்த நீரை மருந்துப் புட்டியுடன் வரும் அளவுக் குவளையால் அளந்து, மில்லிலிட்டர் எண்ணைப் பத்தால் வகுத்தால் மழையளவு மில்லிமீட்டரில் வரும். 180 மில்லிலிட்டர் சேர்ந்திருந்தால் மழை 18 மில்லிமீட்டர். புனலின் விட்டம் 16 செண்டிமீட்டராயின் பரப்பு ஏறக்குறைய 200 சதுர செண்டிமீட்டர். அப்போது இருபதால் வகுக்க வேண்டும்.

வைக்கும் இடம்

1. மரத்தடியும் கூரையோரமும் ஆகா. சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ, அதன் இரு மடங்கு தூரத்திற்கேனும் அப்பால் வைக்க வேண்டும்.

2. புனலின் வாய் தரையிலிருந்து 30 செண்டிமீட்டர் உயரத்தில், சாயாமல் மட்டமாக இருத்தல் வேண்டும். மிகத் தாழ்ந்திருந்தால் தரையில் விழுந்த துளிகள் தெறித்து உட்புகும்.

3. கேனைச் செங்கற்களுக்கு நடுவே அசையாதபடி நிறுத்துக. வெயில் நேரே படாதவாறு கேனைச் சாக்கினால் சுற்றுதல் நலம். ஆனால் புனலின் வாயைச் சாக்கு மறைக்கலாகாது.

அளக்கும் நேரமும் குறிக்கும் முறையும்

நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளந்து அன்றைய தேதியில் எழுத வேண்டும். அதற்கு முந்திய 24 மணி நேரத்தில் பெய்தது அது என்பது பொருள். அரசாங்க நிலையங்களும் இந்நேரத்தையே கொள்வதால், அவற்றின் கணக்கோடு ஒப்பிடலாம். மழையில்லாத நாளில் 0 என்று எழுதுக. வெற்றிடம் விட்டால், மழை இல்லையோ, அளக்க மறந்ததோ என்று பின்னர் தெரியாமற் போகும்.

குறிப்பேட்டில் நான்கு பத்திகள் போதும்: தேதி, மழையளவு, புஞ்சையில் மண் நனைந்த ஆழம், குறிப்பு. மூன்றாம் பத்தி மிக முக்கியமானது. மழை ஓய்ந்தபின் மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்திப் பார்த்து, ஈரம் எத்தனை விரற்கடை இறங்கியது என்று எழுத வேண்டும். "ஐப்பசி 3, 18 மி.மீ.; 3 விரற்கடை; பாசிப்பயறு முளை கண்டது" என்பது போன்ற ஒரு வரி, முன்னோரின் உழவுக் கணக்கையும் இன்றைய மழைமானிக் கணக்கையும் ஒன்றுசேர்த்து விடுகிறது. பசலி ஆண்டுப்படி ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடித்தால், ஆடி முதல் தை வரையிலான வெள்ளாமை முழுவதும் ஒரே ஏட்டில் அடங்கும்.

வீட்டில் நேரும் இடையூறுகள்

கிராமத்து முற்றத்தில் மழைமானிக்குப் பல விருந்தினர் வருவர். ஆடு கேனை முட்டிச் சாய்க்கும். காகம் புனலின் விளிம்பில் அமர்ந்து எச்சமிடும். வேப்பம் பழுப்பு விழுந்து புனலின் துளையை அடைக்கும். பேரனோ பேத்தியோ, "இன்று மழை அதிகமாகட்டும்" என்று ஒரு செம்பு நீரை ஊற்றிவைப்பதும் உண்டு. முட்செடியால் சிறு வேலியிடுதல் முதலாவதற்குப் பெரும்பாலும் பரிகாரமாகும். நான்காவதற்குச் சிறந்த பரிகாரம், அப்பிள்ளையிடமே அளக்கும் பொறுப்பை ஒப்புவித்தலாம். தானே எழுதும் கணக்கைப் பிள்ளைகள் கெடுக்க மாட்டார்கள். தசம பின்னக் கணக்கும் தானே படியும்.

நீர் கொட்டிப்போன நாளில், அண்டை வீட்டாரைக் கேட்டோ மனத்தில் தோன்றியதையோ எழுதலாகாது. "கேன் சாய்ந்தது" என்று உள்ளவாறு எழுதுக. பொய் எண் ஒன்று ஏறினால் ஏடு முழுவதும் ஐயத்திற்கு இடமாகிவிடும்.

பெருமழை நாளில் மற்றோர் இடையூறு உண்டு. மேற்சொன்ன 11.3 செண்டிமீட்டர் புனலுக்கு, 5 லிட்டர் கேன் 500 மில்லிமீட்டர் வரை தாங்கும். 16 செண்டிமீட்டர் புனலாயின் 250 மில்லிமீட்டரிலேயே நிறைந்துவிடும். எனவே அடைமழையில் இரண்டு மூன்று தடவை அளந்து, ஒவ்வொன்றையும் எழுதி, காலையில் கூட்டிக்கொள்ள வேண்டும்.

விதைப்புக்கு உதவும் விதம்

கரிசல் மண்ணில் களியின் பங்கு மிகுதி. அது நீரை ஏராளமாக உறிஞ்சும். ஆனால் காய்ந்த மண்ணில் முதலில் விழும் நீர் மேற்படையிலேயே தங்கிவிடும். கோடையில் வெடித்துக் கிடந்த புஞ்சையில் புரட்டாசியில் 12 மில்லிமீட்டர் மழை பெய்தது எனக் கொள்க. மேல்மண் கறுத்துப் பொலிவதைக் கண்டு ஒருவர் உளுந்தை விதைக்கிறார். விதை முளைக்கிறது. பின்னர் பத்து நாள் வெயில் காய்கிறது. வேர் கீழிறங்கி ஈரமற்ற மண்ணைத் தொட்டதும் இளம்பயிர் மடிகிறது. விதையும் உழவுக் கூலியும் நஷ்டம். மறு விதைப்புக்குக் கடன். அனைத்தினும் பெரிய நஷ்டம் காலம். பிந்தி விதைத்த பயிர் பூத்துக் காய்க்கும்போது மழை நின்றுவிடுகிறது.

நல்ல மழைக்குக் காத்திருப்பதிலும் ஆபத்துண்டு. போதிய மழை பெய்தவுடன் கரிசல் சேறாகி, காலும் சக்கரமும் இறங்க முடியாமற் பல நாள் கழியும். இக்காரணம் பற்றியே, மழைக்கு முன் காய்ந்த புழுதியில் விதைக்கும் முறை சிபாரிசு செய்யப்படுகிறது. விதையைக் கடினப்படுத்தி 5 செண்டிமீட்டர் ஆழத்தில் இட்டால், சிறு தூறல் அவ்வாழத்தை எட்டி அதனை எழுப்பாது. போதிய மழை வந்த பின்னரே அது முளைக்கும்.

இம்முறையும் எப்போது மழை தொடங்கும் என்ற மதிப்பின்மேல்தான் நிற்கிறது. மிக முந்தினால் விதை எறும்புக்கும் எலிக்கும் இரையாகும். பிந்தினால் முறையின் பயனே இல்லை. தன் ஊரில் எத்தனை ஆண்டுகள் புரட்டாசி இறுதிக்குள் 25 மில்லிமீட்டர் மழை கிடைத்தது, முதல் மழைக்கும் அடுத்த மழைக்கும் இடையே எத்தனை நாள் இடைவெளி விழுந்தது, எத்தனை மில்லிமீட்டர் பெய்தால் தன் புஞ்சையில் விதையிடும் ஆழம் நனைகிறது என்பவற்றை ஏட்டைப் புரட்டிச் சொல்லக்கூடிய குடியானவர், ஊகத்தின்மேல் விதையை எறிய மாட்டார். மழையை எவராலும் வரவழைக்க இயலாது; ஆனால் அதன் வழக்கத்தை அறிந்து நடத்தல் இயலும்.

நீர்க்கணக்கு

1 மில்லிமீட்டர் மழை என்பது சதுர மீட்டருக்கு 1 லிட்டர் நீர். ஓர் ஏக்கருக்கு அது ஏறக்குறைய 4,047 லிட்டர். 25 மில்லிமீட்டர் பெய்தால் ஏக்கருக்கு ஒரு லட்சம் லிட்டருக்கு மேல். அதாவது 10,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் பத்து வந்து ஊற்றியதற்குச் சமம். வரப்பு உடைந்து இது ஓடையில் கலந்தால் போவது எவ்வளவு என்பதை இக்கணக்கு உணர்த்தும். பண்ணைக்குட்டை வெட்டுவோருக்கும் இதுவே அடிப்படை.

வீட்டிற்கும் இது பொருந்தும். 10 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள மேல்தளத்தில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் நீர் விழுகிறது. ஊறுவதும் சிதறுவதும் போக மிஞ்சுவதைத் தொட்டியில் தேக்கினால், உவர்நீர்க் கிணறுள்ள ஊர்களில் பெண்மக்களின் குடச்சுமை பல நாளைக்குக் குறையும்.

ஊர்ப் பொதுவுக்கு உதவும் விதம்

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் ஏறக்குறைய 95 செண்டிமீட்டர் மழை பதிவாயிற்று. பத்துக் கிலோமீட்டர் அளவே தூரமுள்ள திருச்செந்தூரில் அதே நேரத்தில் பதிவானது ஏறக்குறைய 69 செண்டிமீட்டர். அடுத்தடுத்த ஊர்களுக்குள்ளேயே இத்துணை வேறுபாடு உண்டானால், ஒரு மழைமானியின் எண் சுற்றுக் கிராமங்கள் அனைத்திற்கும் பொருந்தும் என்று கொள்வது எங்ஙனம்? "கார்த்திகைக்குப் பின் மழையில்லை" என்பது பழமொழி. அப்பெருமழை தொடங்கிய டிசம்பர் 17-ஆம் தேதியோ மார்கழி முதல் நாள். பழமொழி பல ஆண்டுகளின் அனுபவம். விதிவிலக்குகள் எவ்வளவு அரியவை, எவ்வளவு கொடியவை என்பதை ஏடுதான் காட்டும்.

கிராம அலுவலர்கள் தங்கள் ஊரின் வடபுறத்தும் தென்புறத்தும் ஆர்வமுள்ள இரண்டு மூன்று குடும்பங்களை இவ்விதம் அளக்கத் தூண்டலாம். இக்குறிப்பு அரசாங்கப் பதிவுக்கு மாற்றாகாது. ஆயினும் வறட்சி, வெள்ளம் பற்றி மனுச் செய்யும்போது, "மழை பொய்த்தது" என்று பொதுப்பட எழுதுவதினும், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை இவ்வளவே பெய்தது என்று எழுதுவது பார்வையிட வரும் அதிகாரிக்கு உதவும். வானொலி அறிவிப்பைப் புரிந்துகொள்ளவும் அளவு தெரிதல் நன்று. 2.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்த நாளே வானிலைத் துறையின் கணக்கில் மழை நாள். "கனமழை" என்பது 64.5 மில்லிமீட்டரில் தொடங்கும். "மிகக் கனமழை" 115.6-இல், "அதிகனமழை" 204.4-க்கு மேல்.

தொடங்க வேண்டிய காலம்

ஆடி மாதத்திற்குள் புனலும் கேனும் சேகரித்து, இடம் தெரிந்து வைத்துவிடுதல் உத்தமம். முதலாண்டுக் குறிப்பு வெறும் எண்களாகவே தோன்றும். அதனால் சலிப்படைந்து நிறுத்தலாகாது. மூன்றாம் நான்காம் ஆண்டில் ஏடு பேசத் தொடங்கும். பத்தாண்டு தொடர்ந்தால், நிலத்தின் பத்திரத்தோடு சேர்த்துப் பெட்டியில் வைத்துப் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லத் தக்க சொத்தாகும். மானாவாரிப் புஞ்சையைப் பெறுகின்றவர், அப்புஞ்சையின்மேல் பெய்த மழையின் கணக்கையும் உடன் பெறுவாராயின், தந்தை பட்ட நஷ்டத்தை மறுபடியும் பட வேண்டியதில்லை.